உபதலைவரின் மகன்

தம்பி, அதில இருக்காதேங்கோ. அந்த வாங்குக்கு மேல இருக்கிற ஹீற்றர் செத்து ரண்டு வருசம். கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்பினீங்கள் எண்டால் குளிரில நாரி முள்ளுப் பிடிச்சிடும். இஞ்சால வாங்கோ, எனக்குப் பக்கத்தில இடம் கிடக்கு. பயப்பிடாதேங்கோ, நான் ஆயுள் காப்புறுதி விக்கிற ஆளில்லை.

தமிழ்தானே? அது தெரியாதே. இந்தக் குளிருக்குள்ள சுடுதண்ணிப் போத்தலில தேத்தண்ணி ஊத்திக்கொண்டு ஐஸ் ஹொக்கிப் பயிற்சி பாக்க வாறது எங்கட ஆள்தான். வெள்ளைக்காரன் எண்டால் கடைக் கோப்பியோட வருவான்.

உங்களைப் போன சனிக்கிழமை மட்சிலயும் கண்டனான். கீழ் வரிசையில இருந்தனீங்கள், மனுசியும் வந்தவ. உங்கட மகன்தானே மற்றக் கோல் கீப்பர்? வலைக்குள்ள நிண்டவர் இல்லை, மற்றவர். விளையாடுற பெடியள் உள்ள போகேக்கயும் வெளிய வரேக்கயும் ஐஸுக்குக் கரையில நிண்டு வேலிக் கதவைத் திறந்து திறந்து விட்டவர். ஓம், அவரேதான். மட்ச் முடிய எல்லாப் பெடியளும் வேர்த்து ஒழுகிக்கொண்டு வாறாங்கள், உங்கட மகன் கொழுவி எடுத்த சேட்டு மாதிரிக் காய்ஞ்சு போய் வாறார். அதுக்கு நீங்கள் காசும் கட்டுறீங்கள்.

கோவிக்காதேங்கோ தம்பி. சுடுது எண்டு தெரியும். எனக்கும் சுட்டது, அதாலதான் கதைக்கிறன்.

என்ர பேர் திரவியநாதன். ஊர் புளியங்கேணி. புளியங்கேணி மக்கள் சுயாதீன ஒன்றியம் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள், நான்தான் ஸ்தாபகத் தலைவர். சீச்சீ, நீங்கள் சொல்லுறது புளியங்கேணி மக்கள் ஒன்றியம். அது வேறை, அது அவையின்ர. நாங்கள் சுயாதீனம். பத்தாம் ஆண்டு மலரில என்ர பேரை நாலாவதாப் போட்டவை. அச்சுப் பிழையாம். அச்சுப் பிழையில எழுத்துத்தானே மாறும், மனிசன் எப்பிடி மாறுவான்? அண்டைக்கே எழும்பி வந்து தனிய ஒண்டு தொடங்கினன். இப்ப ஒவ்வொரு ஆடியிலயும் ஒரே பார்க்கில, ஒரே ஞாயிற்றுக்கிழமை, ரண்டு ஒன்றுகூடல். ரண்டு ஒலிபெருக்கி, ரண்டு சங்கீதக் கதிரை. ஆட்டிறைச்சி ரோல் மட்டும் ரண்டு இடத்திலயும் ஒரே ருசி, ஏனெண்டால் செய்து தாற கடை ஒண்டு.

ஏன் சொல்லுறன் எண்டால், மானத்தை விட்டிட்டு ஒரு இடத்தில குந்தியிருக்கிற ஆள் நானில்லை. அதைத் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கோ.

எனக்கு ஒரே மகன், ஆரூரன். இதே பைன்ஹில் கிளப்பிலதான் விளையாடினவன், இதே ஐஸில. அவனும் கோல் கீப்பர். ஏழு வயசில தொடங்கினவன். விடியக் காலமை எழுப்பிக்கொண்டு வாறது நான், அந்தப் பாரம் பிடிச்ச பையைத் தூக்கிறது நான், வீட்டில அந்த மணத்தைத் தாங்கிறது என்ர மனுசி மங்கை. பதினேழு வயசில ஜூனியர் ரீமுக்கு எடுத்தாங்கள். ஊரெல்லாம் சொன்னன். எடுத்துப்போட்டு என்ன செய்தாங்கள்? உங்கட மகனுக்குச் செய்த அதே வேலை. மைக்கல் எண்டு ஒருத்தனை வலைக்குள்ள விட்டிட்டு, என்ர பிள்ளையைக் கதவடியில விட்டாங்கள்.

அதையும் ஒரு மாதிரிப் பொறுத்திருப்பன். மொன்றியலில இருந்து மங்கையின்ர தமையன் சபாநாதன் வந்ததுதான் வினை. அவரை உங்களுக்குத் தெரியாது, தெரியாமல் இருக்கிறது நல்லது. மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் எண்டதைச் சொல்லிப்போட்டுத்தான் உங்களுக்குத் தண்ணியே தருவார். சரி, என்ர பிள்ளையையும் ஒருக்காக் காட்டுவம் எண்டு குடும்பத்தோட மட்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்தன். உதிலதான் இருந்தனாங்கள், உந்த நடு வரிசையில. "மருமகன் எங்க நிக்கிறார்?" எண்டு கேட்டார். காட்டினன். பாத்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பகுதி தொடங்கேக்க என்ர காதுக்குள்ள குனிஞ்சு சொல்லுறார், "என்ன மச்சான், பெடியனைக் கனடாவுக்குக் கொண்டு வந்து கேற் திறக்கவோ பழக்கிறியள்?"

சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு. தம்பி, நான் இந்த நாட்டில ஒரு பையோட அகதியா வந்து இறங்கினவன். கோப்பை கழுவினவன். அப்பவெல்லாம் வராத வெக்கம் எனக்கு அண்டைக்கு வந்தது.

மட்ச் முடிய நேர கோச்சிட்டப் போனன். பேர்க் எண்டு ஒரு மீசைக்காரன், இப்பவும் இருக்கிறான். "என்ர மகன் இஞ்ச விளையாட வந்தவனோ, வாசல் காக்க வந்தவனோ?" எண்டு கேட்டன். அவன் ஆறுதலாச் சொல்லுறான், ஆரூரன் இந்த வருசம் நிண்டு பாக்கட்டுமாம், அடுத்த வருசம் வலை அவன்ரதானாம். அடுத்த வருசம்! கொமிற்றிகளில இருந்த எனக்கே அடுத்த வருசம் சொல்லுறான். அடுத்த வருசம் எண்டு எத்தினை பேருக்கு நான் சொல்லியிருப்பன்.

என்ர வானில வீட்டுக்கு வரேக்க ஆரூரன் சொன்னான், "அப்பா, இட்ஸ் ஓகே. எல்லா ரீமிலயும் ரண்டாவது கோல் கீப்பர்தான் கதவு திறக்கிறது. அதில நிண்டால் எனக்கு முழு மட்சும் தெரியுது."

முழு மட்சும் தெரியுதாம். காசு குடுத்து ரிக்கற் எடுத்த எனக்குந்தான் முழு மட்சும் தெரியுது. நான் என்ன கோல் கீப்பரே?

அந்த நேரம் பாத்துத்தான் டொயில் வந்து சேந்தான். டொயில் எண்டால் ஆரெண்டு சொல்ல வேணும். இந்த நாட்டில ஹொக்கிக்குப் பெரிய சங்கம் ஒண்டு இருக்கெல்லோ, பால்குடி தொடக்கம் பல்லு விழுந்தவன் மட்டும் எல்லாரும் அதுக்குக் கீழதான். உந்தக் கிளப்பும் அதுக்குக் கீழ. அந்தச் சங்கத்தோட கோவிச்சுக்கொண்டு போய்த் தனிக்கடை போட்ட லீக்குகளும் இருக்கு. அதில ஒண்டு கிரேட் மேப்பிள் சுயாதீன ஜூனியர் லீக். அதில ஒரு ரீமின்ர சொந்தக்காரன்தான் இந்த டொயில். கையில கல்லு வைச்ச மோதிரம், காலநிலைக்குப் பொருந்தாத மெல்லிய கோட்டு. கோப்பிக் கடையில என்னை இருத்தி வைச்சுச் சொல்லுறான், "மிஸ்டர் நாதன், எங்களுக்கு மேல ஒருத்தருமில்லை."

தம்பி, அந்த வசனம் எனக்குத் தேவாரம் மாதிரிக் கேட்டது. அவனும் சுயாதீனம், நானும் சுயாதீனம். அவன்ர கதையில பாதி நான் எங்கட ஒன்றியத்தைப் பிரிக்கேக்க சொன்ன கதை. ஆரூரன்தான் முதலாவது கோல் கீப்பர், எல்லா மட்சும் அவன்தான். அமெரிக்கக் கல்லூரிகளில இருந்து ஆள் வந்து பாக்குமாம். அதோட எனக்கும் ஒரு பதவி. உபதலைவர், சமூகத் தொடர்பு. விசிற்றிங் காட் அடிச்சுத் தந்தான், தங்க எழுத்தில. முதல் காட்டை மொன்றியலுக்குத் தபாலில அனுப்பினன்.

ஆரூரனிட்டக் கேட்டனானோ? கேட்டனான். "எல்லா மட்சும் நீதான் விளையாடப் போறாய், சந்தோசம்தானே?" எண்டு கேட்டனான். அவன் வாய் திறக்கேல்லை. வாய் திறக்கேல்லை எண்டால் சம்மதம் எண்டுதானே? அவனுக்குப் பதினெட்டு ஆகேல்லை, கையெழுத்து என்ர கையெழுத்து. வைச்சன்.

பேந்துதான் தெரிஞ்சது உவங்கட கண்டறியாத லீக்கின்ர வண்டவாளம். ஆறு ரீம் எண்டு வெப்சைட்டில கிடந்தது. கரடி, ஓநாய், கழுகு எண்டு ஆறுக்கும் ஆறு படம். முதல் கிழமையே கழுகைக் காணேல்லை. விசாரிச்சால், அவையின்ர ஊர் அரீனாவில ஐஸை உருக்கிப்போட்டு மாட்டுக் கண்காட்சி வைச்சிருக்கினமாம். சரி, மாடு போகட்டும் எண்டு பாத்தால், மாடு போச்சு, கழுகு வரேல்லை.

நடுவர் கதையைக் கேளுங்கோ. பெரிய சங்கத்தின்ர நடுவர்மார் தனிக்கடைக்கு விசிலூத வரமாட்டினம், வந்தால் அங்க அவையின்ர பேர் வெட்டுப்படும். அப்ப ஆர் நடுவர்? டொயிலின்ர மச்சான். அவன்தான் எங்கட பஸ்ஸும் ஓட்டுறவன். எங்களை ஏத்திக்கொண்டு வந்து இறக்கிப்போட்டு, பஸ்ஸைக்கூடப் பூட்டாமல் ஓடிவந்து, கறுப்பு வெள்ளைச் சேட்டைக் கொழுவிக்கொண்டு விசிலை எடுக்கிறான். எதிர் ரீம்காரர் விடுவாங்களே? அப்ப தங்கட பஸ்காரனும் நடுவர் எண்டு நிண்டாங்கள். விட்டாச்சு. ரண்டு பஸ்காரரும் ஐஸில நிப்பாங்கள். இவன் ஊதினதுக்கு அவன் ஊதமாட்டான், அவன் ஊதினதை இவன் கேக்காத மாதிரிப் போவான். ஒருநாள் ரண்டு பேரும் ஆளையாள் வெளியில போகச் சொல்லி, ரண்டு பேரும் போய் பஸ்ஸுக்குள்ள இருந்திட்டாங்கள். மிச்ச மட்சை ஆர் நடத்தினது? நான். நேரக் காப்பாளர் பெட்டிக்குள்ள இருந்து கையைக் காட்டியே நடத்தினன். ஊரில வொலிபோல் நடுவரா நிண்ட ஆளெல்லோ நான்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கும் இப்ப சிரிப்புத்தான்.

அமெரிக்கக் கல்லூரிக்காரனையும் கண்டனான். எங்கட அரீனாவில கடைசி வரிசையில ஒரு கிழவன் தொப்பியும் போட்டு, மடியில பேப்பரும் கையில பேனையுமா இருந்தான். டொயில் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டி, உவர்தான் கல்லூரி ஆள், மெல்ல, மெல்ல, எண்டான். எங்கட பெடியள் அதைக் கேட்டவுடன எல்லாரும் கோல் அடிக்கத்தான் ஓடுறாங்கள், ஒருத்தனும் பின்னுக்குத் திரும்பி வாறேல்லை. நான் ஒருநாள் தேத்தண்ணி ஒண்டு ஊத்திக்கொண்டு கிழவனுக்குக் கிட்டப் போனன். அரீனாவில ஐஸ் மெசின் ஓட்டுறவன். ஓய்வு நேரத்தில குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருக்கிறான். என்னட்டை ஒரு சொல்லும் கேட்டவன்.

பெடியள் பின்னுக்கு வராட்டில் என்ன நடக்கும்? எல்லா அடியும் ஆரூரனுக்கு. அந்தக் கறுப்பு றப்பர் வட்டு இருக்கெல்லோ, பக் எண்டுறது, அது கல்லு மாதிரி. தோளில, தொடையில, கழுத்துக்குக் கீழ எல்லாம் நீலமாக் கண்டிப்போய் வருவான். மங்கை ஒத்தடம் குடுப்பா. குடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பாப்பா. கதைக்கமாட்டா. அந்தக் குடும்பமே இப்பிடித்தான் தம்பி, ஒண்டும் வாய் விட்டுச் சொல்லாதுகள். நான்தான் எல்லாத்துக்கும் வாய்.

ஆனால் ஒண்டு, அந்த லீக்கின்ர சிறந்த கோல் கீப்பர் அவன்தான். விருது குடுத்தவை. மார்கழியில ஐஞ்சு ரீம் மூண்டாப் போச்சு, அப்ப லீக்கிலயே நாலு கோல் கீப்பர்தான், எண்டாலும் விருது விருதுதானே.

அந்த மார்கழியிலதான் தம்பி, ஒருநாள் பின்னேரம் வீட்டு ரெலிபோன் அடிச்சது. பேர்க். மீசைக்காரன். பதினெட்டுக்குக் கீழ எண்டால் முதல் தாய் தேப்பனோடதான் கதைக்க வேணுமாம், அது தங்கட கிளப்பின்ர ஒழுங்காம். மைக்கலுக்கு முழங்கால் போச்சாம். இந்த வருசம் இனி விளையாடமாட்டானாம். ஆரூரன் வரவேணும், வந்தால் அவன்தான் முதலாவது, எண்டான். ஆனால் ஒரு திகதி இருக்காம். தைமாசம் அந்தத் திகதிக்குப் பிறகும் ஒருத்தன் தனிக்கடையில விளையாடிக்கொண்டு நிண்டால், அந்த வருசம் முழுக்க அவனைத் தங்களால எடுக்கேலாதாம். அதுக்கு முதல் ஒரு சொல்லுச் சொல்லச் சொல்லிக் கெஞ்சாத குறை. ஓம் தம்பி, அந்த எடுப்புக்காரன் கெஞ்சினவன். நான் வடிவாக் கேட்டுக்கொண்டு இருந்திட்டு, "ஏன், கதவுக்கு ஆள் கிடைக்கேல்லையோ?" எண்டன்.

அவன் அதுக்குக் கோவிக்கேல்லை. பேந்து, "பிளீஸ், ஆரூரனிட்டச் சொல்லுங்கோ" எண்டான். சொல்லுறன் எண்டு வைச்சன்.

சொன்னனானோ எண்டு கேக்கிறியளோ? பொறுங்கோ, என்ர நிலைமையை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. நான் உபதலைவர். காட் அடிச்சிருக்கு. மூண்டு ரீம் மிஞ்சின லீக்கில நாங்கள்தான் முதலாவது. உபதலைவற்ர மகனே விட்டிட்டு, அதுவும் நான் கோவிச்சுக்கொண்டு வந்த அதே இடத்துக்குத் திரும்பிப் போனால் சனம் என்ன கதைக்கும்? மொன்றியலில என்ன கதைக்கும்? புளியங்கேணி ஒன்றியக்காரர் இதைக் கேள்விப்பட்டால், "திரவியம் அங்கயும் திரும்பிப் போனவர், இஞ்சயும் வருவார்" எண்டு பிக்னிக்கில மைக் பிடிச்சுச் சொல்லமாட்டாங்களோ? பிரிஞ்சவன் திரும்பிப் போகக்கூடாது தம்பி. போனால் பிரிஞ்சதுக்கே அர்த்தமில்லாமல் போயிடும்.

மங்கைக்குத் தெரியும், குசினிக்குள்ள நிண்டு கேட்டவ. "அவனுக்குச் சொல்லுங்கோவன்" எண்டா. பண்டிகை முடியட்டும் எண்டன். பண்டிகை முடிஞ்சது, "சொல்லிட்டீங்களோ?" எண்டா. ஆரூரன்ர முகத்தைப் பாத்தன், அவன் எப்ப பாத்தாலும் கையில அந்த போனை வைச்சுக்கொண்டு அதையே பாத்துக்கொண்டிருப்பான். ஆரும் பெட்டையாக்கும் எண்டு நினைச்சன். இந்த நேரம் குழப்பக்கூடாது எண்டு விட்டன். திகதி போச்சு. அது பாட்டில போச்சு.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் பகிடி. திகதி போய்க் கொஞ்ச நாளில டொயிலைக் காணேல்லை. அரீனாவுக்குக் கட்டவேண்டியதையும் கட்டாமல் புளோரிடாவுக்குப் போட்டானாம். மெல்லிய கோட்டு ஏனெண்டு அப்பதான் விளங்கினது. பஸ்ஸையும் காணேல்லை, நடுவரையும் காணேல்லை. பெற்றார் எல்லாரும் என்ர வீட்டு நிலக்கீழ் அறையில கூடினம். வெள்ளைக்காரச் சனம் வடையும் சாப்பிட்டுக்கொண்டு அழுதுகள். ஆர் பொறுப்பெடுக்கிறது? எல்லாரும் என்னைப் பாத்தாங்கள். நான் எழும்பினன். அண்டைக்கு என்னைத் தலைவராக்கினவை. உபதலைவர் இல்லை, தலைவர். இந்த நாட்டில ஜூனியர் ஹொக்கி ரீம் ஒண்டுக்குப் புளியங்கேணியான் தலைவர்! மங்கையிட்ட மேல ஓடிப்போய்ச் சொன்னன். வடை எல்லாருக்கும் காணுமோ எண்டு கேட்டா.

மிச்ச ரண்டு ரீமில ஒண்டு எங்களோட நிக்கேல்லை, லீக்கின்ர பேர் தங்களுக்குத்தான் சொந்தம் எண்டுது. சரி, வைச்சுக்கொள்ளுங்கோ எண்டு நாங்களும் மற்ற ரீமும் பிரிஞ்சு வந்து, அசல் கிரேட் மேப்பிள் சுயாதீன ஜூனியர் லீக் எண்டு தொடங்கினம். ஓம், ரண்டு ரீம்தான். ரண்டு ரீம் எண்டால் லீக் இல்லையோ? யாப்பு நான்தான் எழுதினது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பெடியள், அதே பெடியளோட. இறுதிப் போட்டிக்கும் அதே ரண்டு பேர்தான். கிண்ணம் ஒண்டு செய்விச்சன், இவ்வளவு உயரம்.

இறுதிப் போட்டி அண்டைக்குப் பனி கொட்டோ கொட்டெண்டு கொட்டுது. மற்ற ரீம் வந்த பாதையில சறுக்கி, பாதி வழியில திரும்பிப் போட்டுது. என்ன செய்யிறது? யாப்பில கிடக்கு, வராத ரீம் தோத்தது. ஆனால் வந்த ரீம் ஐஸில நிண்டு நேரம் முடியும் வரைக்கும் காத்திருக்க வேணும், அதையும் நான்தான் எழுதினனான். நேரப் பெட்டிக்குள்ள இருந்து மணிக்கூட்டை ஓட விட்டன். பெடியள் சுத்திச் சுத்தி ஓடினாங்கள், பேந்து வாங்கில போய் இருந்திட்டாங்கள். ஆரூரன் மட்டும் முழு உடுப்போட, முகமூடியும் போட்டுக்கொண்டு, வலைக்குள்ள நிண்டான். எதிரில ஒருத்தருமில்லை. கடைசி மட்டும் நிண்டான். அதுதான் என்ர பிள்ளை, ஒழுங்கு எண்டால் ஒழுங்கு. மணி அடிச்சது, வெண்டிட்டம். கிண்ணத்தைக் கொண்டுபோய் நீட்டினன். அவன் கையுறையைக் கழட்டேல்லை. பக்கத்தில நிண்ட பெடியன்தான் வாங்கினவன். படத்தில பாத்தால் ஆரூரன் கொஞ்சம் தள்ளி நிக்கிறான், வெட்டாமல் பெருப்பிச்சு ஹோலில மாட்டியிருக்கிறன்.

அண்டைக்கு லியம் எண்டு பைன்ஹில் பெடியன் ஒருத்தன் அவனைப் பாக்க அந்தப் பனிக்குள்ளயும் வந்திருந்தான். உடுப்பு மாத்திற அறை வாசலில ரண்டு பேரும் கதைச்சுக்கொண்டு நிண்டதைக் கண்டனான். பைன்ஹில் அந்த வருசம் எங்கயோ இருந்து ஒரு கோல் கீப்பரைக் கடன் வாங்கி, அவங்களும் இறுதிப் போட்டிக்குப் போயிருந்தாங்கள். அது உண்மையான இறுதிப் போட்டி எண்டு நீங்கள் சொல்லுவீங்கள். சொல்லுங்கோ.

வானில வரேக்க, சிவப்பு லைற்றில நிக்கேக்க கேட்டான். "அப்பா, கோச் பேர்க் கூப்பிட்டவரோ?"

நான் பொய் சொல்லுற ஆளில்லை. "ஓம், கூப்பிட்டவன். நல்ல மறுமொழி குடுத்தனான்" எண்டன்.

பச்சை விழுந்தது. பின்னால ஹோர்ன் அடிக்கிறாங்கள். அவன் முன்னுக்குப் பாத்துக்கொண்டு சொல்லுறான், "மைக்கலுக்கு முழங்கால் போன அண்டைக்கே எனக்குத் தெரியும் அப்பா. ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். கூப்பிடேல்லை எண்டவுடன, அந்த வலைக்கு நான் காணாது, அவ்வளவு திறமில்லை எண்டுதான் நினைச்சனான்."

அவ்வளவுதான். இப்ப நீங்கள் சொல்லுங்கோ தம்பி, அப்பிடிக் காத்துக்கொண்டிருந்தவன் என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ இல்லையோ? அப்பா, எனக்கு அங்க போகத்தான் விருப்பம் எண்டு? நான் என்ன, மனிசனைக் கடிக்கிறனானே? கேட்டால்தானே தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திட்டுப் பேந்து தேப்பன் பிழை எண்டு முகத்தைத் திருப்பினால்?

அடுத்த வருசம் பேர்க்கின்ர ரீமுக்குப் போயிருக்கலாம். கூப்பிட்டவை, நான் தடுக்கேல்லை, சத்தியமாத் தடுக்கேல்லை. ஆனால் அண்டைக்குக் கழட்டி வைச்ச உடுப்பை அவன் திரும்பப் போடேல்லை. பதினெட்டு முடிய ஒஷாவாவில அறை எடுத்துக்கொண்டு போட்டான். படிக்கிறான், வேலையும் செய்யிறான். வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பான். நான் தூக்கினால், "அம்மாவிட்டக் குடுங்கோ" எண்டுவான். மரியாதையாத்தான் சொல்லுவான், குறை சொல்லேலாது. மூண்டு வருசமா அதே வசனம். நானும் குடுக்கிறன். பக்கத்தில நிண்டு மங்கையின்ர முகத்தைப் பாத்து அவன் என்ன சொல்லுறான் எண்டு ஊகிக்கிறன். அவ மற்றப் பக்கம் திரும்பிடுவா.

சரி, அது கிடக்கட்டும். நான் உங்களைக் கூப்பிட்டது வேறை அலுவலுக்கு. புரட்டாதியில நான் ஒரு லீக் தொடங்கப் போறன். டொயில் மாதிரிச் சுத்துமாத்து இல்லை, எங்கட ஆக்கள், நம்பிக்கையான ஆக்கள். நாலு ரீமுக்குக் கதைச்சு வைச்சிருக்கிறன், ரண்டு இன்னும் யோசிக்குது. உங்கட மகன் முதலாவது கோல் கீப்பர். எல்லா மட்சும் அவர்தான். எழுதித் தாறன். உங்களுக்கும் கொமிற்றியில ஒரு இடம், பொருளாளர் எண்டாலும் சரி, நீங்கள் சொன்னாச் சரி. இந்தச் சங்கக்காரர் எங்கட பிள்ளையளைக் கதவடியில வைச்சே கிழவனாக்கிப்போடுவாங்கள். எங்களுக்கு மேல ஆருமிருக்கக்கூடாது தம்பி.

என்ன? மகனுக்கு விருப்பமில்லையோ? கேட்டுப் பாத்தனீங்களோ? ஓ, அவர் தானாச் சொன்னவரோ. வாய் திறந்து சொல்லுற பிள்ளை. நல்லது.

ஏனாம் இஞ்ச நிக்க வேணுமாம்?

ஆர், கோல் கீப்பர்மாருக்குப் பழக்கிற கோச்சோ? அந்த நெட்டையன், கறுப்புத் தொப்பியோட முழங்காலில நிண்டு உங்கட மகன்ர காலைத் திருப்பிக் காட்டுறானே, அவனோ? கோச் ரூ எண்டோ கூப்பிடுறவர் உங்கட மகன்?

ரூ இல்லைத் தம்பி. ஆரூரன். அந்தப் பேரை வைச்சது நான்.

ஓம். போன ஐப்பசியில இருந்து வாறான், செவ்வாயும் வியாழனும். பேர்க் கூப்பிட்டவனாம். மங்கைதான் வாய் தவறி விட்டா. நான் வாறது அவனுக்குத் தெரியாது. இந்த மேல் வரிசையில இருந்தால் லைற் கண்ணில அடிக்கும், கீழ இருந்து பாக்கிறவனுக்கு ஆள் தெரியாது.

நல்லாப் பழக்கிறானோ? உங்கட மகன் என்ன சொல்லுறவர்? வீட்டில வந்து சொல்லுவாரோ, கோச் இதைச் சொன்னவர், அதைச் சொன்னவர் எண்டு? பகிடி விடுவானாமோ? எங்கட வீட்டில பகிடி விட்டதை நான் கேட்டதில்லை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இண்டைக்கு மகன் மேல ஏறி வந்தவுடன ஒருக்காக் கேளுங்கோ, இவ்வளவு நேரமும் குனிஞ்சு குனிஞ்சு என்ன சொன்னவர் எண்டு. சின்னக் கதை எண்டாலும் பரவாயில்லை. வியாழக்கிழமை நான் இதில இருப்பன், வந்து சொல்லுங்கோ.

லீக்கோ? அந்தக் கதையை விடுங்கோ. பெடியன் இஞ்சயே நிக்கட்டும். உந்தக் கண்டறியாத சங்கத்துக்குக் கீழயே நிண்டு துலையட்டும், அடுத்த வருசம் அவற்ர வருசமா இருக்கும். ஒருத்தருக்கும் இதைச் சொல்லாதேங்கோ, எனக்கு நாலு ரீம் கதைச்சு வைச்சிருக்கு.

பொறுங்கோ, எழும்பாதேங்கோ. கொஞ்சம் முன்னுக்குச் சாய்ஞ்சு, இஞ்சால, எனக்கு முன்னால இருங்கோ. ஆ, அப்பிடியே. அசையாதேங்கோ தம்பி, அவன் இஞ்சால பாக்கிறான்.